திறப்பும் அட்டையும்

இம்மலரை விரித்து வாசிக்கும் பழைய மாணவர்களுட் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள பெரிய அலுவலகங்களிற் கடமை பார்க்கின்றனர். காலையில் அலுவலக வாயிலை அடைந்ததும் அவர்கள் திறப்பை எடுப்பதில்லை. கழுத்திலே தொங்கும் அட்டையொன்றைச் சுவரிற் பதித்த சிறு பெட்டிக்கு முன்னே நீட்டுகின்றனர். பெட்டி ஒலிக்கின்றது, பச்சை விளக்கு ஒளிர்கின்றது, கதவு திறக்கின்றது. வேறு சிலர் அட்டைக்குப் பதிலாக விரலை வைக்கின்றனர். இன்னுஞ் சிலர் கைத்தொலைபேசியைக் காட்டுகின்றனர். நாடோறும் நிகழ்வதாகலின் அவர்கள் இதனை வியப்பதில்லை.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, அந்தக் கதவு ஆளை எவ்வாறு அறிகின்றது?" என என்னை வினவினான். யான் தமிழ் கற்பிப்பவன், பொறியியல் கற்றவனல்லேன். ஆயினும் மாணவன் கேட்ட வினாவுக்கு விடை தேடுதல் ஆசிரியனுக்குக் கடனாதலின், அறிந்தோரை வினவியும் நூல்களை நோக்கியும் பெற்றவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகின்றேன். தேடிச் சென்றபோது அவ்வினாவே சற்றுப் பிழையானது என்பது எனக்குப் புலனாயிற்று. கதவு ஆளை அறிவதில்லை. அஃது அறிவது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறப்பு என்னும் சொல்

தமிழகத்தார் பெரும்பாலும் சாவி என்பர். அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். ஈழத்தார் நாவில் வழங்குவது திறப்பு என்னும் நல்ல தமிழ்ச் சொல். திறத்தலாகிய தொழிலின் பெயர் அத்தொழிலுக்குரிய கருவிக்கு ஆகிவந்தது. இவ்வழக்கிற் பொருத்தம் ஒன்று உண்டு. திறப்பை எவர் வைத்திருக்கின்றாரோ அவரிடமே திறக்கும் உரிமையும் இருக்கின்றது என்பது நாம் தொன்றுதொட்டுக் கொண்டுள்ள எண்ணம். மாமியார் மருமகளிடம் அலுமாரித் திறப்பைக் கொடுப்பதும், கோயில் முகாமை கைமாறும்போது திறப்புக் கொத்தைக் கையளிப்பதும் வெறும் இரும்புத் துண்டுகளைக் கொடுப்பன அல்ல, அதிகாரத்தையே கொடுப்பனவாகும்.

உரிமை முழுவதும் ஓர் உலோகத் துண்டில் தங்கியிருப்பதில் வசதியும் உண்டு, இடரும் உண்டு. இடருக்கு யான் கண்ட எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் யான் கற்பித்த வேறொரு பாடசாலையில், உயிரியல் ஆய்வுகூடத்திலிருந்து நுணுக்குக்காட்டிகள் இரண்டு காணாமற் போயின. பூட்டு உடைக்கப்படவில்லை, யன்னற் கம்பிகளும் வளைக்கப்படவில்லை. ஆகவே வந்தவர் திறப்புடனேயே வந்தார் என்பது தெளிவு. அக்கதவுக்குத் திறப்புகள் மூன்று என்பதே யாவரும் அறிந்தது. ஒன்று அலுவலகத்தில், ஒன்று பொறுப்பாசிரியரிடம், மற்றொன்று இராக் காவலாளியிடம் இருந்தன. ஐயம் காவலாளி மீது விழுந்தது. எவரும் அவரை வெளிப்படையாகக் குற்றஞ் சாட்டவில்லை, வேலையிலிருந்து நீக்கவுமில்லை. ஆனால் முன்போல் அவரோடு நின்று பேசுவோர் அருகினர். ஓராண்டு கழிவதற்குள் அவர் தாமாகவே விலகிச் சென்றார்.

பின்னர் ஒரு நாள், ஆய்வுகூடப் பொருள்களின் பழைய கணக்குகளைச் சரிபார்க்கையில், நெடுங்காலத்துக்கு முன் மாற்றலாகிச் சென்ற ஓர் ஆசிரியருக்காக நான்காவது திறப்பொன்று வெட்டுவித்ததற்கான பற்றுச்சீட்டு அகப்பட்டது. அத்திறப்பு எங்கே சென்றது, எத்தனை கைகள் மாறிற்று என்பதை எவராலும் கூற முடியவில்லை. யான் அம்முதியவரை அவர் வீட்டிற் கண்டு இதனைத் தெரிவித்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நாலாவது திறப்பு இருக்கோ எண்டு அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லையே, மாஸ்ரர்" என்றார். அதற்குமேல் அவரும் ஒன்றும் கூறவில்லை. யானும் ஒன்றும் கூற இயலவில்லை.

உலோகத் திறப்பின் குறைகள் மூன்றும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. அதனைப் படியெடுக்கலாம், படியெடுத்தமை பூட்டுக்குத் தெரியாது. கொடுத்த உரிமையை மீளப் பெற வேண்டின் திறப்பையே மீளப் பெற வேண்டும். அன்றேல் பூட்டை மாற்ற வேண்டும். யார், எப்போது திறந்தார் என்பதற்கு அது சான்று கூறாது. இக்குறைகளை நீக்க மனிதர் செய்த முயற்சிகளே பூட்டின் வரலாறு எனலாம்.

பூட்டின் வரலாறு

பண்டை எகிப்திலும் மேலைத்தேயங்களிலும் மரப் பூட்டுகள் வழங்கின. குறுக்குத் தாழிலுள்ள துளைகளில் மேலிருந்து முளைகள் விழுந்து அதனை அசையாது பிடிக்கும். நீண்ட மரத் திறப்பை நுழைத்து முளைகளை உயர்த்தினால் தாழை இழுக்கலாம். இக்காலத்து உருளைப் பூட்டின் தத்துவமும் இதுவே.

இங்கிலாந்தில் 1778ஆம் ஆண்டில் றொபேட் பரன் என்பவர் நெம்புகள் கொண்ட பூட்டுக்கும், 1784ஆம் ஆண்டில் யோசப் பிராமா என்பவர் வேறொரு நுட்பமான பூட்டுக்கும் காப்புரிமை பெற்றனர். பிராமாவின் கடைச் சாளரத்தில், தமது பூட்டைத் திறப்பின்றித் திறப்பார்க்கு 200 கினி பரிசு என்ற அறிவித்தலுடன் பூட்டொன்று பல்லாண்டு தொங்கியது. 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பெரும் பொருட்காட்சி நடந்தபோது அங்கு வந்த அல்பிரட் ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர், 16 நாள்களில் ஏறக்குறைய 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்து பரிசு பெற்றார்.

நம் பொருளுக்கு இதனினும் இயைபுடையது யெரமையா சப் என்பவர் 1818ஆம் ஆண்டிற் செய்த பூட்டு. பிறர் எவரேனும் பொய்த் திறப்பை இட்டு முயன்றால், உள்ளிருக்கும் நெம்பொன்று அளவுக்கு மேல் உயர்ந்து சிக்கிக்கொள்ளும். உரியவர் தம் திறப்பை இட்டதும் அது வழக்கம்போற் சுழலாது; சுழலாமையால், தாம் இல்லாத வேளையில் யாரோ கை வைத்தனர் என்பதை அவர் அறிவர். அதாவது, நடந்ததை நினைவில் வைத்துச் சொல்லும் பூட்டு 200 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது. யார் என்று அதனாற் சொல்ல இயலாது. யாரோ வந்தனர் என்று மட்டுமே சொல்ல இயலும்.

அமெரிக்கரான லைனஸ் யேல், அவர்தம் மைந்தர் ஆகிய இருவரும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்திய முளைப்பூட்டைச் சிறிய உலோக உருளைக்குள் அடக்கினர். நம் வீட்டுக் கதவுகளிற் காணப்படும் தட்டையான, பல்வெட்டிய திறப்பு அவ்வழி வந்ததே. ஒவ்வொரு முளையும் இரு துண்டாக இருக்கும். சரியான திறப்பு நுழைந்ததும் எல்லா முளைகளின் பிரிவுகளும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுழலும். ஐந்து முளைகள், ஒவ்வொன்றுக்கும் பத்து உயரங்கள் எனக் கொள்ளின் கணக்களவில் 100,000 வேறு வேறு திறப்புகளைச் செய்யலாம். நடைமுறையில் அத்தொகை இதனிலுங் குறைவு.

அலுவலகங்கள் பெருகியபோது புதியதொரு தேவை எழுந்தது. ஒவ்வொருவரும் தத்தம் அறையை மட்டுமே திறக்க வேண்டும். தலைவர் எல்லா அறைகளையும் திறக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு முளையிலும் ஒரு பிரிவுக்குப் பதிலாக இரு பிரிவுகளை அமைத்தனர். ஒன்று அறைக்குரியவரின் திறப்புக்கு. மற்றொன்று தலைமைத் திறப்புக்கு. வசதி பெரிதே. ஆனால் ஐந்து முளைகளிலும் இரு பிரிவு இருப்பின் அப்பூட்டை இரண்டல்ல, 32 வகைத் திறப்புகள் திறக்கும். 2003ஆம் ஆண்டில் மற் பிளேஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் இதனின்றும் பிறக்கும் பேரிடரை எடுத்துக்காட்டினார். தன் அறைத் திறப்பும் வெட்டாத திறப்புத் துண்டுகள் சிலவும் கையிலுள்ள ஒருவர், ஒரு முளையின் உயரத்தை மட்டும் சிறிது சிறிதாக மாற்றித் தம் அறைக் கதவிலேயே சோதித்து வந்தால், தலைமைத் திறப்பின் வெட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்டறியலாம். பூட்டு உடையாது; ஐயமும் எழாது. கட்டடம் முழுவதும் அவர் கையில் வந்துவிடும்.

அட்டை எவ்வாறு திறக்கின்றது?

உரிமையை உலோகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்னும் எண்ணம் 1970களில் விடுதித் தொழிலில் வலுப்பெற்றது. விருந்தினர் பலர் திறப்பைத் திருப்பிக் கொடாமலே சென்றுவிடுவர். அடுத்து அவ்வறையில் உறங்குபவரின் பாதுகாப்பு முன்னவரின் நேர்மையில் தங்கியிருக்கும். நோர்வே நாட்டவரான தூர் சோர்னெஸ் என்பவர் 32 இடங்களில் துளையிடக்கூடிய பிளாத்திக்கு அட்டையைத் திறப்பாகக் கொள்ளும் பூட்டை அமைத்தார். ஓரிடத்தில் துளை இருக்கலாம், அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296 வேறுபாடுகள் கிடைத்தன. விருந்தினர் மாறும்போது பூட்டைக் கழற்றாமலே அதன் அமைப்பை மாற்றலாம். பழைய அட்டை பயனற்றதாகும்.

அதே காலத்தில் அமெரிக்கரான சாள்ஸ் வோல்ட்டன் என்பவர், பூட்டைத் தொடாமலே கதவு திறக்கும் அட்டை முறைக்கு 1973ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். இன்றைய அலுவலக அட்டை அவ்வழிப்பட்டது. அதனைப் பிரித்துப் பார்த்தால் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளொன்றும், அரிசியினுஞ் சிறிய சில்லொன்றும் மட்டுமே காணப்படும். மின்கலம் கிடையாது. பின் எவ்வாறு அது பேசுகின்றது?

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை எம் மாணவர் பௌதிக வகுப்பிற் கற்கின்றனர். மாறும் காந்தப் புலத்திலுள்ள சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதே அது. சுவரிலுள்ள வாசிப்பான் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை எழுப்பிக்கொண்டே இருக்கின்றது. பழைய வகை வாசிப்பானில் அது செக்கனுக்கு 125,000 முறை மாறும். அட்டை அருகே வந்ததும் அதன் சுருளில் மின் பிறக்கும். அம்மின்னாற் சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். அட்டையின் உணவும் குரலும் ஒரே அலையில் வருகின்றன என்று சொல்லலாம்.

அவ்வெண் நெடுங்காலமாக 26 துவித இலக்கங்களால் ஆனதாக இருந்து வந்தது. அவற்றில் எட்டு நிறுவனத்தைக் குறிக்கும். பதினாறு அட்டையைக் குறிக்கும். எஞ்சிய இரண்டும் பிழை நேர்ந்ததா எனச் சரிபார்ப்பதற்கு. இதன்படி நிறுவன எண்கள் 256. ஒவ்வொன்றிலும் அட்டை எண்கள் 65,536. வாசிப்பான் இவ்வெண்ணைக் கம்பி வழியே உள்ளே பாதுகாப்பாக வைக்கப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். அப்பெட்டியில் ஒரு பட்டியல் உண்டு. இன்ன எண்ணுடைய அட்டை இன்ன கதவை, இன்ன நாளில், இன்ன நேரத்துக்குள் திறக்கலாம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். எண் பட்டியலில் இருப்பின் பெட்டி கதவின் மின்பூட்டை விடுவிக்கும்; இல்லையேல் விடுவிக்காது. இரு சந்தர்ப்பங்களிலும் நாளும் நேரமும் பதியப்படும்.

மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. கதவு ஆளை அறிவதில்லை, எண்ணை அறிகின்றது. எண்ணையும் அது தானாக அறிவதில்லை; பட்டியலிற் பார்த்தே அறிகின்றது. திறப்புக் காலத்தில் உரிமை கையிலுள்ள உலோகத்தில் இருந்தது. அட்டைக் காலத்தில் அட்டை வெறும் முகவரியே. உரிமை பட்டியலில் இருக்கின்றது. ஆகவே "திறப்பு யார் கையில்?" என்று முன்னர் கேட்ட நாம், இனி "பட்டியலை எழுதுபவர் யார்?" என்று கேட்க வேண்டியவராகின்றோம்.

இம்மாற்றத்தின் நன்மை வெளிப்படை. அட்டை தொலைந்தால் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு வரியை நீக்கினாற் போதும். வேலையை விட்டுச் செல்பவர் அட்டையைத் திருப்பிக் கொடாவிடினும் அஃது அன்றே உயிரற்றதாகும். துப்புரவுப் பணியாளர் மாலை 5 மணி முதல் 7 மணி வரை மட்டும் நுழையலாம் என விதிக்கலாம். உலோகத் திறப்புக்கு நேரம் தெரியாது, பட்டியலுக்குத் தெரியும். ஆனால் அவ்வரியை நீக்க வேண்டியவர் மறந்துவிடின், சென்றவரின் அட்டை பல ஆண்டுகளுக்குப் பின்னரும் திறந்துகொண்டே இருக்கும். எம் பாடசாலையின் நான்காவது திறப்பு இவ்வாறே வேறோர் உருவில் மீண்டும் பிறக்கும்.

எண் களவு போதல்

அலிபாபாவின் கதையை அறியாதார் இலர். குகைக் கதவு குறித்த சொல்லைச் சொன்னவர்க்கெல்லாம் திறந்தது; மரத்தின் மேலிருந்து அச்சொல்லைக் கேட்ட அலிபாபாவுக்கும் திறந்தது. பழைய வகை அட்டை அக்குகைக் கதவுக்கே ஒப்பானது. கேட்கும் எந்த வாசிப்பானுக்கும் அது தன் எண்ணை மறைவின்றிச் சொல்லிவிடும். ஆகவே சிறு கருவியொன்றை மறைத்து ஒருவரின் அருகே நின்றால் அவ்வெண்ணைக் கேட்டு வேறோர் அட்டையில் எழுதிக்கொள்ளலாம். திறப்பைப் படியெடுக்க அதனைச் சிறிது நேரமாவது கையில் எடுக்க வேண்டும்; இதற்கு அதுவும் வேண்டா.

இக்குறையைத் தீர்க்க, இரகசிய எண்ணைச் சொல்லாமலே தான் அதனை அறிந்திருப்பதை நிறுவும் அட்டைகளை ஆக்கினர். வாசிப்பான் ஒவ்வொரு முறையும் புதியதொரு கேள்வி கேட்கும். அட்டை தன் இரகசியத்தைக் கொண்டு கணித்து விடையை மட்டும் கூறும். நேற்றைய விடையை ஒட்டுக் கேட்டவனுக்கு இன்றைய கேள்விக்கு விடை தெரியாது. ஆயினும் இங்கும் கணிப்பு முறை வலிதாயிருத்தல் வேண்டும். 1994ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய மைபேர் கிளசிக் என்னும் அட்டை 48 துவித இலக்க இரகசியத்தையும், வெளியார்க்கு அறிவிக்காத கணிப்பு முறையையும் நம்பியிருந்தது. 2007ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008ஆம் ஆண்டிலும் யேர்மனி, நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் அம்முறையைக் கண்டறிந்து அதன் வலிமையின்மையை நிறுவினர். நெதர்லாந்து ஆராய்ச்சியாளரின் கட்டுரை வெளிவராது தடுக்க அதனை ஆக்கிய நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2008 யூலையில் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. பூட்டின் அமைப்பை மறைத்து வைப்பது காவலாகாது. அமைப்பு யாவர்க்கும் தெரிந்த பின்னரும் திறவாது நிற்பதே நல்ல பூட்டு.

ஏட்டின் சான்று

அட்டை முறையின் மற்றொரு பெரும் பயன், யார் எப்போது வந்தார் என்னும் பதிவு. இதனைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அந்தக் காவலாளி என் நினைவில் வருகின்றார். அன்று அவ்வாய்வுகூடக் கதவு பதிவொன்றை வைத்திருப்பின், அவருடைய அட்டை அவ்விரவில் அக்கதவை அணுகவில்லை என்று காட்டி அவருக்குச் சான்று கூறியிருக்கும். நேர்மையாளனுக்கு ஏடு நண்பனே.

ஆயினும் மற்றப் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அவருடைய அட்டை, திறப்புகளைப் போலவே, அலுவலகச் சுவரின் ஆணியொன்றிற் தொங்கியிருந்தால்? வேறொருவர் அதனை எடுத்துத் திறந்திருந்தால்? பதிவேட்டில் அவருடைய பெயர் நாளோடும் நிமிடத்தோடும் விழுந்திருக்கும். முன்னர் ஐயமாக மட்டும் நின்றது பின்னர் அச்சிட்ட சான்றாக நிற்கும். அதனை மறுக்க அவருக்கு யாது வழி? பதிவேடு ஓர் அட்டை வந்தது என்று மட்டுமே கூறும். அட்டையைக் கொண்டு வந்தவர் இன்னார் என்று கூறாது. ஒருவர் திறந்த கதவால் அவர் பின்னே இருவர் நுழைந்தாலும் அது பதியாது. இப்பதிவை வைத்துப் பிறரை விசாரிக்கும் நிலையிலுள்ள அதிபர்களும் முகாமையாளர்களும் இவ்வேறுபாட்டை ஒருபோதும் மறத்தலாகாது.

அட்டையை இரவல் கொடுக்கலாம். விரலைக் கொடுக்க முடியாதன்றோ என்பர் சிலர். எம் நாட்டின் அரச அலுவலகங்களிலும் வரவைப் பதிதற்கு விரலடையாளப் பொறிகள் பயன்பட்டுள்ளன. பொறி பொதுவாக விரலின் படத்தைச் சேமிப்பதில்லை. ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் அளந்து எண்களாக்கிச் சேமிக்கின்றது. மறுநாள் வைக்கும் விரல் அவ்வெண்களுக்கு எவ்வளவு நெருங்கி வருகின்றது என்று பார்க்கின்றது. ஆகவே அதன் விடை ஒரு மதிப்பீடே. தோட்டத்திலும் சுண்ணாம்பிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை அது சில வேளை ஏற்காது. அக்குறை உழைப்பாளியின் தலையில் விழும். அன்றியும், தொலைந்த அட்டைக்கு வேறோர் அட்டை வழங்கலாம்; களவுபோன விரலடையாளத்துக்கு வேறு விரல் வழங்க முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடலளவைத் தரவுகளை விசேட வகையில் வைத்திருப்பது இக்காரணம் பற்றியே என்று கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளின் விரலடையாளத்தைப் பெற எண்ணுவோர் பன்முறை சிந்தித்தல் நன்று.

உள்ளிருந்து திறத்தல்

கதவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெளியில் நிற்பவனையே எண்ணுகின்றனர். உள்ளே நிற்பவனை எண்ணாமையால் நேர்ந்த கேட்டினை உலகம் 1911ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாளிற் கண்டது. நியூயோர்க் நகரில் உயர்ந்த கட்டடமொன்றின் மேல்மாடிகளில் இருந்த டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீ மூண்டது. ஒன்பதாம் மாடியிலிருந்து படிக்கட்டுக்குச் செல்லும் கதவொன்று பூட்டியிருந்தது. தொழிலாளர் துணியைக் களவாகக் கொண்டுசெல்லாது காப்பதற்கென்று அவ்வாறு பூட்டுவது அங்கு வழக்கம். திறப்பை வைத்திருந்த மேற்பார்வையாளர் வேறு வழியால் முன்னரே தப்பிச் சென்றிருந்தார். 146 பேர் மாண்டனர்; அவருட் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். உரிமை முழுவதும் ஒருவர் கையிலுள்ள உலோகத் துண்டில் இருப்பதன் கொடுமைக்கு இதனினுங் கூரிய சான்று வேறில்லை.

மின்பூட்டுகள் இவ்விடரைப் போக்கவும் வல்லன, பெருக்கவும் வல்லன. அவை இருவகைப்படும். ஒன்று மின் நின்றதும் திறந்துகொள்வது. மின்காந்தப் பூட்டு அவ்வகையது. அதில் வலியதொன்று ஏறக்குறைய 540 கிலோகிராம் விசையோடு கதவைப் பிடித்திருக்கும். மின் நின்றால் ஒரு குழந்தையும் அதனைத் தள்ளித் திறக்கலாம். மற்றது மின் நின்றதும் வெளிப்புறத்தே பூட்டியபடியே இருப்பது; அதனை உள்ளிருந்து கைபிடியால் திறக்கும்படி அமைத்தல் வேண்டும். மக்கள் கூடும் இடத்துக்கும் பணப்பெட்டி அறைக்கும் ஒரே வகையைப் பொருத்துவது அறியாமை. எவ்வகையாயினும், உள்ளே இருப்பவர் அட்டையும் எண்ணும் மின்னும் இன்றிக் கைபிடி ஒன்றாலே வெளியேற வேண்டும் என்பது மாறா விதி.

மின் நின்றால் என்னும் சொல் எம் நாட்டவர்க்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டமையே காரணம் என அறிவித்தனர். இத்தகைய பூட்டுகளோடு பொருத்தும் சேமிப்பு மின்கலம் சில மணி நேரமே தாங்கும். மின் மட்டுமன்றிக் கணினி வலையும் பழுதாகலாம். 2021ஆம் ஆண்டு ஒற்றோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பு ஏறக்குறைய ஆறு மணி நேரம் செயலிழந்தபோது, அந்நிறுவன ஊழியர் சிலரின் அட்டைகளும் செயற்படாமையால் அவர்கள் தம் கட்டடங்களுள்ளேயே நுழைய முடியாது நின்றனர் எனச் செய்திகள் வந்தன. பழுதைத் திருத்தச் செல்பவனையே அப்பழுது வாயிலில் மறித்தல் கூடும். ஆதலினாலே, பட்டியலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் ஒரு படி வைப்பதும், ஒரு கதவுக்கேனும் பழைய உலோகத் திறப்பை முத்திரையிட்ட உறையிற் பேணுவதும் அறிவுடைமை.

முடிவுரை

எமது கல்லூரி அலுவலகச் சுவரிலும் திறப்புகள் தொங்கும் பலகை ஒன்று உண்டு. இவ்விழாவை ஒட்டிப் பழைய மாணவர் எவரேனும் நூலகத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ இலத்திரனியற் பூட்டுகளை வழங்க எண்ணுவாராயின், அவர்தம் அன்பை நன்றியோடு ஏற்போம். ஏற்கும்போது மூன்று காரியங்களை நாம் முன்கூட்டியே செய்தல் வேண்டும். பட்டியலை எழுதவும் நீக்கவும் பொறுப்பானவர் இன்னார் என்று பெயர் குறித்து நியமித்து, ஒவ்வொரு தவணை இறுதியிலும் அதனை அவர் வேறொருவரோடிருந்து வாசித்துச் சரிபார்க்கும்படி செய்தல் ஒன்று. பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதி ஆசிரியர்க்கும் சிற்றூழியர்க்கும் மாணவர்க்கும் அறிவித்தல் மற்றொன்று. மின்னை நிறுத்திவிட்டு எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து திறந்து பார்த்தல் மூன்றாவது.

பூட்டுகள் வரும் வரையும் நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கதவுக்கும் திறப்புகள் எத்தனை, எவ்வெவர் கையில் உள்ளன, எந்நாளிற் கொடுக்கப்பட்டன, எந்நாளில் மீண்டன என எழுதி வைத்தால், விலையுயர்ந்த பொறி செய்வதிற் பாதியை அதுவே செய்துவிடும். அப்படியொரு கொப்பி அன்று அப்பாடசாலையில் இருந்திருப்பின் நான்காவது திறப்பு அதில் இருந்திருக்கும்; ஒரு முதியவர் தம் கடைசிப் பணியாண்டைத் தலைநிமிர்ந்து கழித்திருப்பார்.

எம் கல்லூரித் தாயின் வாயில் என்றும் தன் மைந்தர்க்குத் திறந்தே இருப்பதாகுக.